தகவலாளர் எண் 4

செப்டம்பர் 3, புதன்

காலையிலிருந்து சிற்றரசு மூன்று முறை போன் செய்துவிட்டான். மூன்றும் அட்டைப்படத்துக்காக. அவன் அனுப்பிய படத்தில் ஒருவன் முகமூடி போட்டுக்கொண்டு முரசடிக்கிறான், பின்னால் ஒரு புலி. கரிஃபுனா மக்கள் வாழும் கரையில் புலி கிடையாது என்று சொன்னேன். “சும்மா ஒரு காட்டு எஃபெக்டுக்கு மேடம்” என்கிறான். பதிப்பகம் நடத்துகிறானா, சர்க்கஸ் நடத்துகிறானா தெரியவில்லை.

அவர்கள் காட்டுக்குள் இருப்பவர்கள் இல்லையப்பா, மீன் பிடிக்கிறவர்கள், மரவள்ளி அப்பம் சுடுகிறவர்கள், டீச்சர்கள், நர்சுகள் என்று பொறுமையாகச் சொன்னேன். கரீபியன் கடலில் செயின்ட் வின்சென்ட் என்ற தீவு அவர்களுடையது. 1797-இல் ஆங்கிலேயர்கள் அவர்களை அங்கிருந்து பிடுங்கிக் கப்பலேற்றி ஹோண்டுராஸ் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். அங்கிருந்து கரையோரமாகப் பரவினார்கள். இன்றுவரை தங்கள் பாட்டுகளில் அந்தத் தீவை யுருமேன் என்று சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். “அப்ப கப்பல் போட்டுருவோமா மேடம்?” என்றான். போட்டுத் தொலை என்றேன்.

பெலீஸ் நாட்டில் ஹாப்கின்ஸ் என்ற கடற்கரை ஊரில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஹெர்மீனியா பத்து வருடம் அலைந்து சேர்த்த முப்பத்தொரு பாட்டுகள். ஆங்கிலத்தில் அனுப்பியிருக்கிறாள். நான் தமிழாக்க வேண்டும். ஜனவரி புத்தகக் கண்காட்சிக்குள் வந்தாக வேண்டும்.

செப்டம்பர் 4, வியாழன்

வாஷிங் மெஷின்காரன் இன்றும் வரவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

பத்துப் பாட்டு முடிந்தது. இவை பெண்கள் பாடுபவை. வரிசையாக நின்று, பக்கத்தில் இருப்பவளின் சுண்டுவிரலைத் தன் சுண்டுவிரலால் கோத்துக்கொண்டு, முரசு இல்லாமல், அசைந்து அசைந்து பாடுவார்களாம். சாமிப் பாட்டாக இருக்கும் என்று நினைத்தேன். முக்கால்வாசி சண்டைப் பாட்டு. கூரை ஒழுகுகிறது, நீ நியூயார்க்கில் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிறாய். என் படகை இரவல் வாங்கியவன் துடுப்பை மட்டும் திருப்பித் தந்தான். அப்பம் சுட்டது நான், விருந்தில் பெயர் வாங்கியது அவள். படிக்கப் படிக்கச் சிரிப்பு வருகிறது.

ஒரே தொல்லை, ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஹெர்மீனியா ஒரு தலைப்புரை வைத்திருக்கிறாள். “இது மார்செலினாவின் பாட்டு. அவள் தெயோடோராவின் மகள். ஊர் ஹாப்கின்ஸ். அண்ணன் எக்பர்ட் கடிதம் போடாததற்காகப் பாடியது.” முப்பத்தொரு பாட்டுக்கும் இதே மாதிரி. பாட்டுக்குள்ளும் எக்பர்ட், எக்பர்ட் என்று ஆறு இடத்தில். தமிழ் வாசகனுக்கு எக்பர்ட் யார்? கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கிறேன். இப்போது பாட்டு எடுத்த எடுப்பில் தொடங்குகிறது, “அண்ணா” என்று கூப்பிடும்போது எந்தத் தங்கைக்கும் பொருந்துகிறது. நன்றாக வந்திருக்கிறது.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஹெர்மீனியாவுக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் முழுவதையும் என் குரலில் வாசித்து அனுப்பச் சொன்னாள், ஊர்க்காரர்களுக்குப் போட்டுக் காட்டவாம். சர்ச்சிலிருந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். பதினேழாவது பாட்டில் குக்கர் கத்தியது. இருபதாவதில் இவர் கதவைத் தட்டி, “ஹெப்சி, என் கண்ணாடிய எங்க வச்ச?” என்றார். கண்ணாடி அவர் நெற்றியில் இருந்தது. மின்வாரியத்தில் ரிட்டயர் ஆனதிலிருந்து தங்கதுரைக்கு என் வேலையில் குறுக்கே வருவது ஒன்றுதான் வேலை.

மாலைக்குள் அனுப்பிவிட்டேன். ஒரு மணி பத்து நிமிடம்.

செப்டம்பர் 29, திங்கள்

பதில் இல்லை. நன்றி என்று ஒரு வார்த்தை எழுத எத்தனை நாள் வேண்டும்?

அக்டோபர் 4, சனி

ஹெர்மீனியாவின் குரல் செய்தி வந்தது. நான்கு நிமிடம். இரண்டு முறை கேட்டேன்.

சமூகக் கூடத்தில் நாற்பது பேர் கூடினார்களாம். மார்செலினா இறந்துவிட்டாள், அவள் மகன் டங்ரிகாவிலிருந்து பஸ் பிடித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்தானாம். மொழி யாருக்கும் புரியாது. ஆனால் பெயர் புரியும் அல்லவா, தன் அம்மாவின் பெயர் எந்த மொழியில் வந்தாலும் காதில் விழும் அல்லவா? அதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி பத்து நிமிடமும். ஒலிப்பதிவு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லையாம்.

“டாக்டர், உங்கள் குரல் நன்றாக இருந்தது. ஆனால் எங்கள் ஆட்கள் ஒருவரும் வரவில்லை” என்று முடித்தாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. முதலிலேயே சொல்லியிருக்கலாமே. பெயர்ப் பட்டியல் கேட்கக் கூடியிருக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? பக்கக் கணக்கு, பக்கக் கணக்கு என்று சிற்றரசு கழுத்தைப் பிடித்ததால் வந்த வினை இது.

அக்டோபர் 6, திங்கள்

நேற்று உட்கார்ந்து இரண்டு பக்க மின்னஞ்சல் எழுதினேன். நாட்டுப்புற இலக்கியத்தின் முதல் பண்பே ஆசிரியர் பெயர் அறியப்படாமை, ஒருவர் பாடியதை ஊரே தனதாக்கிக்கொள்கிறது, பெயர் உதிர்ந்த பிறகுதான் அது மக்கள் சொத்தாகிறது என்று விளக்கினேன். இருபத்தேழு வருடமாகக் கல்லூரியில் நான் நோட்ஸ் கொடுப்பது இதைத்தான். பிள்ளைகள் ஒருவர்கூட எதிர்த்துக் கேட்டதில்லை.

இன்று பதில் வந்தது. ஐந்து வரி.

“எங்களை எண்ணித்தான் கப்பலில் ஏற்றினார்கள் என்று என் அம்மா சொல்வாள். ஆண் இத்தனை, பெண் இத்தனை, பிள்ளை இத்தனை. பெயர் கேட்கவில்லை. அதனால்தான் நாங்கள் பாட்டில் போட்டு வைத்தோம். பெயர் இல்லாமல் புத்தகம் வேண்டாம். சிரமத்துக்கு மன்னிக்கவும்.”

மன்னிக்கவுமாம். ஒரு மாத உழைப்பு.

அக்டோபர் 7, செவ்வாய்

சிற்றரசுவிடம் சொன்னேன். வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான்.

“மேடம், பக்கம் எல்லாம் கட்டியாச்சு. இப்பப் போயி முப்பத்தொரு பேரச் சேத்தா ஒரு ஃபாரம் எகிறும், பதினாறு பக்கம். பின்னாடி அட்டவணையாப் போட்டுக்கலாமே?”

“பாட்டுக்கு மேலதான் வேணும்ங்கா அவ. இல்லைன்னா அனுமதி இல்ல.”

“சரி, அவங்க அனுப்புனதுல பேரு இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“அப்புறம் யாரு மேடம் எடுத்தது? நான் பக்கம் கொறைங்கன்னுதான் சொன்னேன். பேர எடுங்கன்னு சொல்லலையே.”

இந்தக் காலத்துப் பையன்களுக்கு வாய் நீளம். பக்கத்தை அவிழ்த்துக் கட்டு என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

பெயர்களைத் திரும்பச் சேர்க்கிறேன். லேசில்லை. பெயர் வந்ததும் பாட்டின் தாளம் நொண்டுகிறது, நொண்டியதைச் சரிசெய்தால் பொருள் நழுவுகிறது. ஒவ்வொரு பெயரையும் ஹெர்மீனியா குரலில் சொல்லி அனுப்புகிறாள். நான் திருப்பிச் சொல்கிறேன். தப்பு என்கிறாள். ஆறு நாளாக இதே கூத்து.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். “அண்ணா, கூரை ஒழுகுகிறது” என்றபோது அழகாக இருந்தது. “எக்பர்ட், கூரை ஒழுகுகிறது” என்றதும் எனக்கே எக்பர்ட்டின் சட்டையைப் பிடிக்க வேண்டும் போலிருக்கிறது.

இந்த அம்மாள் விடமாட்டாள் போல. நவம்பர் 19 அவர்கள் பெலீஸ் கரையில் வந்திறங்கிய நாள். விடியலில் படகுகளில் வந்து கரையேறி அதை நடித்துக் காட்டுவார்களாம். அன்றைக்குத் தமிழ்ப் பாட்டு ஒன்றையும் வாசிக்க வேண்டுமாம், எங்கள் பாட்டை நீங்கள் வாங்கியதற்குப் பதில் மரியாதை என்கிறாள். “நீங்களும் இளமையில் பாட்டு சேகரித்ததாகச் சொன்னீர்களே. அதில் ஒன்று, யாருடையது என்ற குறிப்போடு அனுப்புங்கள்.”

பார்க்கலாம் என்று எழுதினேன்.

அக்டோபர் 22, புதன்

பரணில் ஏறி என் எம்.ஃபில். ஆய்வேட்டை எடுக்கச் சொன்னேன். இவர் ஏறினார், தூசியில் பதினைந்து தும்மல் போட்டார், இறங்கும்போது பழைய டேபிள் ஃபேனையும் கூடவே இறக்கினார். அது எதற்கு என்றால் ரிப்பேர் பார்க்கப் போகிறாராம்.

1996. பீடி சுற்றும் பெண்களின் ஒப்பாரிப் பாடல்கள். அந்த ஆய்வேடுதான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. அதிலிருந்து ஒரு பாட்டு பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலும் போயிற்று, இன்னும் இருக்கிறது. செத்துப்போன மகனுக்காக ஒரு தாய் பாடியது. “கண்ணே, நீ படுத்த பாய் இன்னும் சுருட்டலையே” என்று தொடங்கும். வகுப்பில் வாசித்தால் பிள்ளைகள் அழும். பின்னிணைப்பில் பார்த்தேன். தகவலாளர் எண் 4. பெண். வயது 35. தொழில் பீடி சுற்றுதல். ஊர் கருவேலங்கால்.

அதை ஆங்கிலத்தில் பெயர்த்து, பெயர் அறியப்படவில்லை என்று குறிப்புப் போட்டு அனுப்பினேன்.

அக்டோபர் 24, வெள்ளி

ஹெர்மீனியா கேட்டிருக்கிறாள்: “அறியப்படவில்லை என்றால், அவளுக்கே தெரியாதா, நீங்கள் கேட்கவில்லையா?”

எவ்வளவு திமிர். கேட்டேன். அப்போது கையில் வைத்திருந்த நோட்டில் எழுதியும் வைத்தேன். அந்த நோட்டு இப்போது எங்கே கிடக்கிறதோ.

அக்டோபர் 26, ஞாயிறு

பெயர் உச்சிமாகாளி. நோட்டு தேவைப்படவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

மழை. கருவேலங்காலுக்குப் போகலாம் என்று இருந்தேன். இந்த மழையில் எப்படிப் போவது?

நவம்பர் 3, திங்கள்

மழை விட்டுவிட்டது. கல்லூரியில் வேலை இருக்கிறது.

நவம்பர் 8, சனி

போய்விட்டு வந்தேன். எழுத வேண்டுமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

முக்கூடல் தாண்டி உள்ளே போகும் ரோடு முழுக்கக் குழி. இவர் ஸ்கூட்டரை ஓட்டிய அழகில் என் இடுப்பு கழன்றது. இருபத்தொன்பது வருடத்துக்கு முன் ஓலை வேய்ந்திருந்த வீடு இப்போது காங்கிரீட். முன்னறையில் ஐந்து பெண்கள் இலையும் தூளும் பரப்பிய சொளவை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். உச்சிமாகாளி எது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. தலை நரைத்திருந்தது, விரல்கள் அதே வேகத்தில் ஓடின.

“யாரு? டேப்பு டீச்சரா?” என்றாள். பார்த்தவுடன்.

“ஆமா, நல்லாருக்கியளா?”

“இருக்கேன். என்ன, திரும்பவும் யாரும் செத்துட்டாவளான்னு கேக்க வந்தியளா?”

மற்ற நான்கு பேரும் குனிந்துகொண்டு சிரித்தார்கள். தங்கதுரை வாசலிலேயே நின்றுகொண்டார், புத்திசாலி.

மகள் செண்பகவல்லி காப்பி கொண்டு வந்தாள். முப்பது வயதிருக்கும், ரேஷன் கடையில் எடை போடுகிறாளாம். டம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னாள். “டீச்சர், எங்கம்மா பாட்டு எனக்குக் காலேஜுல பாடமா வந்துச்சு. பரீட்சையில ஒரு மார்க்குக் கேள்வி. ‘கண்ணே நீ படுத்த பாய் என்ற பாடலின் ஆசிரியர் யார்?’ நான் உச்சிமாகாளின்னு எழுதுனேன். தப்புன்னு போட்டுட்டாவ. ‘ஆசிரியர் பெயர் தெரியவில்லை’ன்னு எழுதுனவளுக்கெல்லாம் மார்க்கு.”

எந்த வருடம் என்று கேட்டேன். 2014 என்றாள். வினாத்தாள் எடுக்கப் பல்கலைக்கழகத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

வந்த விஷயத்தைச் சொன்னேன். கடலுக்கு அந்தப் பக்கம் இப்படி ஒரு ஜனம் இருக்கிறது, சொந்தத் தீவிலிருந்து விரட்டப்பட்டவர்கள், பாட்டில்தான் தங்கள் ஆட்களை வைத்துக் காப்பாற்றினார்கள், பெயரில்லாமல் பாட்டைத் தொடமாட்டார்கள், உங்கள் பாட்டைக் கேட்கிறார்கள் என்றேன். சுற்றுவதை நிறுத்தாமல் கேட்டாள்.

“சரியான ஆளுங்கதான்” என்றாள். “எம்புள்ள பேரு என்ன, சொல்லுங்க பாப்போம்.”

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன்.

“கொம்பையா. பாட்டுல ஒம்போது எடத்துல அவன் பேரைச் சொல்லித்தான் அழுதேன். பொஸ்தகத்துல ‘கண்ணே’ன்னு கெடக்கு. செம்பகம் வாசிச்சுக் காட்டுனா. யாரு புள்ளைக்கு யாரு அழுதான்னே தெரியல.”

அன்றைக்கு நான் மாற்றினேன். எல்லாத் தாய்க்கும் பொருந்தட்டும் என்று மாற்றினேன். கைடு பாராட்டினார். வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

கொம்பையாவின் பெயரோடு அந்தப் பாட்டைத் திரும்பப் பாடித் தாருங்கள், சரியாக அனுப்பிவிடுகிறேன் என்று கேட்டேன்.

“அதப் பாடணும்னா எனக்கு அழுகை வரணும் டீச்சர். ஒங்களப் பாத்தா அழுகை வரல, கோவந்தான் வருது.”

அப்போது பக்கத்திலிருந்தவள் முழங்கையால் இடித்தாள். “மயினி, அந்தக் கோவத்தையே பாடிக் காட்டேன். ஆளுதான் நேரா வந்துட்டாவள்லா?” மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். வேண்டாம் வேண்டாம் என்றாள். பிறகு ஒரு கட்டு பீடிக்கு நூலைச் சுற்றி ஓரமாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தே பாடினாள். மற்ற நால்வருக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருந்தது.

எவளோ ஒருத்தி வந்தா
எம்பாட்டைக் கொண்டு போனா
டேப்பு ஒண்ணு தூக்கிக்கிட்டு
டவுனு பஸ்ஸு ஏறி வந்தா
கருப்பட்டிக் காப்பி குடிச்சா
கண்ணீரைக் காசெட்டுல அடைச்சா
கொம்பையான்னு நான் அழுதேன்
கண்ணேன்னு எழுதிப் போட்டா
பெத்தவ பேரும் இல்ல
போன புள்ள பேரும் இல்ல
எவளோ ஒருத்தி வந்தா
எம்பாட்டைக் கொண்டு போனா

பத்து வருடமாக இந்த முன்னறையில் பாடுகிறார்களாம். பக்கத்து ஊர் பீடிக் கடை வரைக்கும் போயிருக்கிறதாம். நான் பாளையங்கோட்டையில் நாட்டுப்புற இலக்கியத்தின் பண்புகள் என்று நோட்ஸ் கொடுத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம்.

“அந்தக் கடக்கரைக்காரங்களுக்கு அனுப்பணும்னா இத அனுப்புங்க. பழச நான் தரமாட்டேன்” என்றாள். சொளவை மறுபடி மடியில் இழுத்துக்கொண்டவள், ஏதோ நினைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “இதுலயும் ஒரு கொற இருக்கு. எவளோ ஒருத்தின்னு நிக்குது. அன்னைக்கு எம்பேர நீங்க கேட்டிய, நான் ஒங்க பேரக் கேக்கல. என்ன பேரு?”

வாசலைப் பார்த்தேன். தங்கதுரை செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போடணுமா?” என்றேன்.

“நீங்கதான இப்பம் சொன்னிய, பேரில்லாமப் பாட்டத் தொடமாட்டாவன்னு.”

சொன்னேன். ஒரு தடவை வாய்க்குள் உருட்டிப் பார்த்தாள். நான்கு பேரும் கூடவே எடுத்தார்கள்.

எப்சிபா டீச்சர் வந்தா
எம்பாட்டைக் கொண்டு போனா

மோனைகூட இடறவில்லை. இருபத்தேழு வருடம் யாப்பு நடத்தியவள் சொல்கிறேன், அந்த இடத்துக்கென்றே செய்த பெயர் மாதிரி போய் உட்கார்ந்துகொண்டது.

நவம்பர் 9, ஞாயிறு

சர்ச்சில் இவர் பக்கத்தில் நின்று மெதுவாக அந்தப் பாட்டை முணுமுணுக்கிறார். வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன். “நல்லாருக்குல்லா ஹெப்சி, அதான்” என்கிறார்.

நவம்பர் 11, செவ்வாய்

அனுப்பாமல் இருக்கலாம். உடம்பு சரியில்லை என்று எழுதலாம். வேறு ஏதாவது தாலாட்டை எடுத்து, கல்லூரியில் யாராவது ஒருவரின் அம்மா பெயரைப் போட்டு அனுப்பலாம். பெலீஸில் இருந்து யார் வந்து விசாரிக்கப் போகிறார்கள்? அவர்கள் பெயர்களோடு வரும் புத்தகத்தில் மொழிபெயர்ப்பாளர் என்று என் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும்போது, அந்த ஊர்க்காரர்கள் முன்னால் இந்தப் பாட்டை வாசித்தால் என்ன நினைப்பார்கள்?

சிற்றரசு கப்பல் போட்ட அட்டையை அனுப்பியிருக்கிறான். கப்பலுக்குள் புலி இல்லை. அந்த மட்டுக்கும் நிம்மதி.

நவம்பர் 13, வியாழன்

2014-இல் அந்த வினாத்தாளை எடுத்ததும் விடைக்குறிப்பு எழுதியதும் நான்தான்.

நவம்பர் 15, சனி

காலையில் கல்லூரிக்கு லீவு சொன்னேன். வாஷிங் மெஷின்காரன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. துணியைக் கையால் துவைத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். பாட்டை ஆங்கிலத்தில் பெயர்க்க ஒரு மணி நேரம்தான் ஆயிற்று. தலைப்புரைதான் மதியம் வரை இழுத்தது. மூன்று விதமாக எழுதி, மூன்றிலும் சாக்குச் சொல்லியிருந்ததைப் பார்த்துக் கிழித்தேன். பிறகு செண்பகவல்லிக்குப் போன் செய்து அவள் ஆச்சியின் பெயரைக் கேட்டுக்கொண்டேன். அப்புறம் ஹெர்மீனியா எழுதுகிற மாதிரியே எழுதி அனுப்பிவிட்டேன். சிற்றரசுவிடமும் சொல்லிவிட்டேன், புத்தகத்தில் முப்பத்திரண்டாவதாக இது போக வேண்டும் என்று. ஃபாரம் எகிறும் என்றான். எகிறட்டும் என்றேன்.

இது உச்சிமாகாளியின் பாட்டு. அவள் மாடத்தியின் மகள். ஊர் கருவேலங்கால். அவள் மகன் கொம்பையாவின் பெயரைப் பாளையங்கோட்டை ஹெப்சிபா அழித்ததற்காகப் பாடியது.